நாளுக்கு நாலு சோடி: சுவிஸில் உடுப்பு, சப்பாத்துக் கடைகள் எங்கே சறுக்குகின்றன

2015 ஜனவரி 15, வியாழக்கிழமை. யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வோம் என்று 2011 செப்டெம்பரில் சுவிஸ் தேசிய வங்கி ஓர் அணை கட்டியிருந்தது. அன்று காலை, முன்னறிவிப்பு எதுவுமின்றி அந்த அணையை அதுவே திறந்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. பிறகு கொஞ்சம் எழுந்து 1.05 அளவில் தங்கியது.

உடுப்புக் கடைக்கும் சப்பாத்துக் கடைக்கும் இதைவிடப் பொல்லாத நாள் ஆண்டில் கிடையாது. இந்த வியாபாரத்தில் சரக்கை ஆறு மாதம் முன்பே ஓடர் பண்ணிவிடுவார்கள். கோடைச் சரக்குக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஓடர். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெட்டிகள் வந்து இறங்கும். ஆக, 2015 ஜனவரியில் களஞ்சியத்துக்கு வந்துகொண்டிருந்த சரக்கு முழுவதும் முந்தைய கோடையில் 1.20 கணக்கில் விலை போட்டு எடுத்தது. அலுமாரியில் மீந்திருந்த குளிர்காலச் சரக்கு மலிவு விற்பனையில் கிடந்தது. வாடிக்கையாளரோ அன்று மாலையே கைத்தொலைபேசியில் 1.00 கணக்கில் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அதன் பிறகு மூடிய கடைகளின் பட்டியல் நீளமானது. காரணம் கேட்டால் பலரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: இணையம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க ஒரு சோடி சப்பாத்தை எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு சோடியின் கணக்கு

பின்வருவது உதாரணக் கணக்கு. எந்த நிறுவனத்தின் பேரேடும் அல்ல. ஆனால் கடைக்காரர் மேசையில் போடும் கணக்கு இந்த வடிவில்தான் இருக்கும்.

மொத்த விலை 40 யூரோ உள்ள ஒரு பெண்கள் சப்பாத்து. ஜெர்மனியில் கடை விலை 99.95 யூரோ. சுவிஸில் 139 பிராங்க். 1.20 காலத்தில் சுவிஸ் கடைக்காரருக்குக் கொள்விலை 48 பிராங்க். 139இலிருந்து அன்றைய 8 வீதப் பெறுமதி சேர் வரியைக் கழித்தால் 128.70. கையில் நிற்பது 80.70.

இனி அணை உடைந்த பிறகு. ஜெர்மனியில் வாங்குபவர் எல்லையில் பற்றுச்சீட்டில் முத்திரை குத்தி 19 வீத ஜெர்மன் வரியைத் திரும்பப் பெற்றால் 99.95 யூரோ 83.99 ஆகிறது. 1.05 கணக்கில் 88 பிராங்க். அடுத்த ஊரில் 88க்குக் கிடைப்பதை 139க்கு விற்க முடியாது. கடைக்காரர் 109க்கு இறக்குகிறார். வரி போக 100.93. சரக்கு 48க்கு எடுத்தது. மிச்சம் 52.93. ஒரே வாரத்தில் சோடிக்கு 28 பிராங்க் போய்விட்டது.

“அடுத்த பருவத்தில் சரக்கும் மலிவாகத்தானே வரும்?” என்று கேட்கலாம். வரும். 40 யூரோ இப்போது 42 பிராங்க். மிச்சம் 58.93. வீதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது: முன்பு 62.7 வீதம், இப்போது 58.4. கணக்காளர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் கடை வாடகையை வீதத்தில் கட்ட முடியாது. 80.70 பிராங்க் இருந்த இடத்தில் 58.93 இருக்கிறது. வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் ஒரு ராப்பன்கூட இறங்கவில்லை.

இன்னொரு படி போவோம். சப்பாத்துகள் பெரும்பாலும் 12 சோடிப் பெட்டியாக, இலக்கம் கலந்து வரும். பெண்கள் பெட்டியில் வழக்கமான பங்கீடு: 36இல் 1, 37இல் 2, 38இல் 3, 39இல் 3, 40இல் 2, 41இல் 1. நடு இலக்கங்கள் முதல் மூன்று வாரத்தில் பறந்துவிடும். கடைசியில் ஒரு 36, ஒரு 40, ஒரு 41 தங்கும். ஒன்பது முழு விலைக்கும் மூன்று அரை விலைக்கும் போனால், பழைய கணக்கில் சோடிக்குச் சராசரி மிச்சம் 64.60 பிராங்க், புதிய கணக்கில் 46.30.

120 சதுர மீற்றர் கடை, சதுர மீற்றருக்கு ஆண்டு வாடகை 600 பிராங்க்: 72,000. மாதம் 4,500 பிராங்கில், 13 மாதச் சம்பளத்துடன் இரண்டு பேர். முதலாளி கட்டும் சமூகக் காப்புறுதிப் பங்காக 15 வீதம் சேர்த்தால் 1,34,550. இரண்டும் சேர்ந்து 2,06,550. ஞாயிறும் பொது விடுமுறையும் போக ஆண்டில் ஏறத்தாழ 304 நாள் கடை திறந்திருக்கும். பழைய கணக்கில் இந்தச் செலவுக்கு மட்டும் நாளொன்றுக்குப் பத்தரைச் சோடி விற்றால் போதும். புதிய கணக்கில் பதினைந்துக்குச் சற்றுக் குறைய விற்க வேண்டும்.

நாலு சோடி கூடுதல். அதுவும் வாடிக்கையாளரில் ஒரு பகுதி எல்லை தாண்டிப் போகத் தொடங்கிய அதே மாதங்களில். இந்த நாலு சோடியைத் தேடித்தான் பல நிறுவனங்கள் நொந்துபோயின. மின்சாரம், வங்கி அட்டைக் கட்டணம், கடை அலங்காரம், முதலாளியின் சொந்தச் சம்பளம் எதையும் நான் இங்கே சேர்க்கவில்லை.

எல்லை என்பது ஒரு டிராம் பயணம்

சுவிஸ் சிறிய நாடு. மக்களில் பெரும்பகுதியினர் எல்லைக்கு ஒரு மணி நேரத்துக்குள் வாழ்கிறார்கள். பாசலில் 8ஆம் இலக்க டிராம் 2014 டிசம்பரிலிருந்து எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை ஓடுகிறது. அணை உடைவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு! கடைக்காரர்களுக்கு இதைவிடத் துரதிர்ஷ்டமான திறப்பு விழா இருந்திருக்க முடியாது. கிழக்கில் குரொய்ட்ஸ்லிங்கனிலிருந்து ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸுக்கு நடந்தே போகலாம்.

எல்லை வாங்கலின் விதிகள் பலமுறை இறுக்கப்பட்டன. 2020 ஜனவரியிலிருந்து ஒரு பற்றுச்சீட்டு 50 யூரோவுக்கு மேல் இருந்தால்தான் ஜெர்மனி வரியைத் திருப்பித் தருகிறது. சுவிஸ் பக்கத்தில், ஒருவர் ஒரு நாளில் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பெறுமதி 2025 ஜனவரி 1 முதல் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைந்தது. 150ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. ஒரே பொருள் 150க்கு மேல் என்றால் கூட வந்தவர்களுக்கிடையே பிரித்துக் காட்டவும் முடியாது.

இந்த இறுக்கம் உள்ளூர்க் கடைகளைக் காப்பாற்றுமா? அதே சப்பாத்தில் இரண்டு சோடி வாங்கினால் ஜெர்மன் வரி போக 167.98 யூரோ. யூரோ 0.94 பிராங்க் என்று வைத்தால் 157.90. 150 வரம்பைத் தாண்டிவிட்டது, சுவிஸ் வரி 8.1 வீதம் கட்ட வேண்டும், 12.79 பிராங்க். திரும்பக் கிடைக்கும் ஜெர்மன் வரியோ சுமார் 30 பிராங்க். ஒழுங்காகச் சுங்கத்தில் அறிவித்தவருக்கும் 17 பிராங்க் மிச்சம். ஆக இந்த விதி பயணத்தைக் கொஞ்சம் அலுப்பாக்குகிறது. விலை இடைவெளியை அடைக்கவில்லை. ஏனென்றால் இடைவெளியின் பெரும்பகுதி வரியில் இல்லை, கடை விலையிலேயே இருக்கிறது.

அந்தக் கடை விலையை வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களும் உயர்த்திப் பிடித்தார்கள். சுவிஸ்காரரிடம் பணம் இருக்கிறது, கூடுதலாகக் கொடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. “உயர்விலைத் தீவு” என்று ஜெர்மன் மொழியில் இதற்கு ஒரு சொல்லே புழங்குகிறது. ஜெர்மன் இணையக் கடைக்குப் போனால் தானாகவே சுவிஸ் பக்கத்துக்குத் திருப்பிவிட்டுக் கூடிய விலை காட்டும் வழக்கம் 2022 ஜனவரி 1 முதல் சட்டப்படி தடை. உடுப்பில் இந்த மோசடி வெறுங்கண்ணுக்கே தெரியும்: ஒரே விலைச்சீட்டில் யூரோ விலையும் பிராங்க் விலையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். சில கடைகள் யூரோ இலக்கத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டின. ஸ்டிக்கரைக் கண்டால் நகத்தால் உரித்துப் பார்க்காத மனிதர் உண்டா?

எடைக்கு வரி

2023 இறுதி வரை சுவிஸ் சுங்க வரி உடுப்புக்கும் சப்பாத்துக்கும் விலையைப் பார்த்து விதிக்கப்படவில்லை; எடையைப் பார்த்து விதிக்கப்பட்டது. அதுவும் பொதியோடு சேர்ந்த மொத்த எடை. அட்டைப்பெட்டி, ஹேங்கர், உள்ளே திணித்த காகிதம் எல்லாம் தராசில் ஏறும். 20 பிராங்க் பூட்ஸுக்கும் 300 பிராங்க் பூட்ஸுக்கும் எடை ஒன்றென்றால் வரியும் ஒன்று. மலிவுச் சரக்கு விற்பவருக்குத்தான் இது வலித்தது.

இன்னொரு பொறியும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரான சரக்கு 1972 வர்த்தக ஒப்பந்தப்படி, எங்கே தயாரானது என்று காட்டும் மூலச்சான்றோடு வரியின்றி வரும். ஆனால் சீனாவில் தைத்த சட்டை ஹம்பர்க்கில் இறங்கி, அங்கே ஒன்றியத்தின் 12 வீத வரியைக் கட்டி, ஜெர்மன் களஞ்சியத்திலிருந்து சூரிச்சுக்கு வந்தால் அதற்கு ஐரோப்பிய மூலம் கிடையாது. சுவிஸ் எல்லையில் இரண்டாம் முறை வரி. சிறு கடைகள் நேரடியாகக் கப்பலில் இறக்குமதி செய்ய முடியாததால் ஜெர்மன் மொத்த வியாபாரியிடம்தான் வாங்கின. இரட்டை வரி அவர்கள் தலையிலேயே விழுந்தது.

2024 ஜனவரி 1 முதல் தொழிற்பொருட்கள் அனைத்துக்கும் சுங்க வரி பூச்சியம். உடுப்பும் சப்பாத்தும் அதற்குள் அடக்கம். சூரிச்சிலும் பேர்னிலும் சேலைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதன் நடைமுறைப் பயன்: சென்னையிலிருந்து வரும் பொதிக்குச் சுங்கத்தில் மூலச்சான்றைத் தேடி அலையத் தேவையில்லை. இந்தியாவுக்கும் சுவிஸ் உள்ளிட்ட எஃப்டா வர்த்தகக் கூட்டு நாடுகளுக்குமான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, சேலைக்கு இனி வரிச் சலுகை என்று சிலர் மகிழ்ந்தார்கள். இறக்குமதிப் பக்கத்தில் அந்தச் சலுகை ஏற்கெனவே கிடைத்தாயிற்று. சுங்கப் பத்திரமும் 8.1 வீதப் பெறுமதி சேர் வரியும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்த வரி சரக்கின் விலைக்கு மட்டுமல்ல, போக்குவரத்துச் செலவையும் கூட்டிய தொகைக்கு. விமானத்தில் அவசரமாக எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அதே சேலையை சுவிஸிலிருந்து ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளருக்குத் தபாலில் அனுப்பினால், அது ஒன்றியத்துக்குள் நுழையும் இந்தியச் சரக்கு. அங்கே வரி உண்டு. சுவிஸ் பூச்சியம் எல்லையோடு முடிந்துவிடும்.

இணையம்: அந்தப் பாதி உண்மை

ஜெர்மன் இணைய உடுப்புக் கடையான ஸலாண்டோ 2011இல் சுவிஸுக்குள் வந்தது. அனுப்புவது அப்போது இலவசம், திருப்புவதும் இலவசம். அனுப்பியதில் ஏறத்தாழப் பாதி திரும்பி வருகிறது என்பதை நிறுவனமே சொல்லியிருக்கிறது. மூன்று இலக்கம் எடுத்து, வீட்டில் போட்டுப் பார்த்து, இரண்டைத் திருப்புவது. அதாவது உடைமாற்றும் அறை வீட்டுக்கே வந்துவிட்டது.

சுவிஸ் சட்டப்படி இணையத்தில் வாங்கியதைத் திருப்பும் உரிமையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் உரிமை உண்டு. சுவிஸில் அது வீட்டு வாசலில் வந்து விற்பதற்கும் தொலைபேசி விற்பனைக்கும் மட்டும். கடையிலோ இணையத்திலோ வாங்கியதை மாற்றித் தருவது முழுக்க விற்பவரின் விருப்பம். பழுதுக்கான பொறுப்பு வேறு கதை: அது இரண்டாண்டு. ஆனால் வாங்கியவர் பழுதைக் கண்டவுடன் அறிவிக்க வேண்டும். இரண்டு மாதம் போட்டுத் திரிந்துவிட்டு வந்தால் வாதம் பலவீனமாகிவிடும்.

வெளிநாட்டுச் சிறு பொதிகளுக்கு ஓர் ஓட்டை இருந்தது, இன்னும் ஓரளவு இருக்கிறது. வரித்தொகை 5 பிராங்க் அல்லது அதற்குக் குறைவென்றால் சுங்கம் அதை வசூலிப்பதில்லை. 8.1 வீதத்தில் இது சுமார் 62 பிராங்குப் பொதி. உள்ளூர்க் கடைக்காரர் 10 பிராங்க் காலுறைக்கும் வரி கட்டுகிறார். வெளியிலிருந்து வரும் 60 பிராங்க் சட்டைக்கு வரி இல்லை. 2019 முதல், இப்படியான சிறு பொதிகளை ஆண்டுக்கு 1,00,000 பிராங்குக்கு மேல் அனுப்பும் விற்பனையாளர் சுவிஸில் பதிவுசெய்து வரி கட்ட வேண்டும். தெமு, ஷீஇன் போன்ற தளங்களில் விற்பவர்கள் ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள்; தனித்தனியே பலர் அந்த வரம்பைத் தொடுவதில்லை. 2025 ஜனவரி 1 முதல் தளமே விற்பனையாளராகக் கருதப்படுவதால் இந்தக் கதவு பெருமளவு மூடிவிட்டது.

இதற்குள்ளும் கடைக்கு மிஞ்சியிருக்கும் ஒரு கோட்டை பிள்ளைகளின் சப்பாத்து. ஐரோப்பிய இலக்கம் என்பது சப்பாத்து அச்சின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கியது. ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 6.67 மில்லிமீற்றர். 24.5 செ.மீ. பாதத்துக்கு முன்னால் 1.2 செ.மீ. இடம் விட்டால் 25.7, பெருக்கினால் 38.55. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் எந்தத் தயாரிப்பாளரும் உள்நீளத்தைச் சரியாகச் சொல்வதில்லை, அகலத்தைப் பெட்டியில் போடுவதும் அரிது. பெரியவர் நெருக்கினால் சொல்வார். சிறுபிள்ளையின் எலும்பு மென்மை, விரல்களை மடக்கிக்கொண்டு “நல்லா இருக்கு” என்று சொல்லிவிடும். கால் அளக்கத் தெரிந்த ஒரு விற்பனையாளர் இருக்கும் கடைக்குத் தாய்மார் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

யார் விழுந்தார்கள், யார் நிற்கிறார்கள்

சார்ள்ஸ் ஃபோகலே 1955இல் தொடங்கிய பெயர். நடுத்தரக் குடும்பங்களின் உடுப்புக் கடை. 2016இல் இத்தாலியின் ஓவிஎஸ் பங்கேற்ற ஒரு கூட்டு அதை வாங்கியது. மறு ஆண்டே பெயர்ப்பலகைகள் ஓவிஎஸ் என்று மாறின. நாற்பது, ஐம்பது வயதுக்காரரும் பெரிய அளவு தேடுவோரும் வந்துபோன கடைக்குள், ஒல்லியான இளையவர்களுக்கு வெட்டிய இத்தாலிய உடுப்பு வந்து தொங்கியது. பழையவர்கள் வரவில்லை, இளையவர்களுக்கோ ஏற்கெனவே எச் அன்ட் எம் இருந்தது, அது 1978லிருந்தே சுவிஸில் இருக்கிறது. 2018இல் எல்லாம் முடிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பிராங்கும் இணையமும் அடித்தது உண்மை. கடைசி அடி சரக்குத் தெரிவில் விழுந்தது.

2016இல் வங்குரோத்தான ஸ்விட்சரின் கதை நமக்கு இன்னும் கிட்டியது. மஞ்சள் திமிங்கிலச் சின்னம் போட்ட ரி-சேட்டுகள். 1981இல் ரொபின் கொர்னேலியுஸ் தொடங்கிய லொசான் பகுதி நிறுவனம். சரக்கு தைக்கப்பட்டது திருப்பூரில். பின்னாளில் அந்தத் திருப்பூர்த் தயாரிப்பாளரே நிறுவனத்தின் உரிமையாளரும் ஆனார். உடுப்பு எந்த ஆலையில் தைத்தது என்று வாங்குபவர் பார்த்தறியும் குறியீட்டை, மற்றவர்கள் யோசிக்கும் முன்பே போட்டவர்கள். நல்ல பெயர் மட்டும் போதவில்லை.

சப்பாத்தில் கதை வேறுவிதம். சுவிஸ் ஒரு காலத்தில் சப்பாத்து செய்யும் நாடு. 1851இல் கார்ல் ஃபிரான்ஸ் பாலி ஷோனன்வெர்டில் ஆலை தொடங்கினார். நம் ஊர்களில் செருப்புக்கே மறுபெயரான பாட்டாவும் ரைன் கரையில் மோலின் என்ற ஊரில் ஆலை வைத்திருந்தது. நிறுவனர் தோமஸ் பாட்டா 1932 ஜூலையில் விமான விபத்தில் இறந்தது அந்த மோலினுக்குப் புறப்பட்டபோதுதான். இன்று உள்ளூர்ச் சந்தையில் பெரிய பெயர் டோசன்பாஹ்-ஒக்ஸ்னர். சுவிஸ் பெயர், ஆனால் டோசன்பாஹ் 1973லிருந்து ஜெர்மனியின் டைக்மான் குடும்பத்தினுடையது. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே ஓடரில் வாங்குவதால் மேலே சொன்ன 40 யூரோ அவர்களுக்கு 40 அல்ல. நாலு சோடிப் பிரச்சினை அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே கொள்விலையில் தீர்ந்துவிடுகிறது. அதே ஆண்டுகளில் ஃபோகலே ஷூஸ் என்ற குடும்பத் தொடர்க்கடையின் பெரும்பங்கு 2018இல் போலந்தின் சிசிசி நிறுவனத்துக்குப் போனது. உடுப்புப் பக்கத்தில், 2024இல் எஸ்ப்ரியின் சுவிஸ் கடை நிறுவனமும் வங்குரோத்து.

மலிவு விற்பனையும் ஞாயிறும்

1995 வரை சுவிஸில் மலிவு விற்பனைக்குக் காலம் குறித்த சட்டம் இருந்தது. இப்போது ஆண்டு முழுவதும் எப்போதும் போடலாம். “200, இப்போது 140” என்று பழைய விலையைக் கோடிட்டுக் காட்டுவதற்கு மட்டும் விதி உண்டு. முன்பு, 200க்கு நான்கு வாரம் விற்றிருந்தால் இரண்டு வாரம் மட்டுமே அப்படிக் காட்டலாம். எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. 2025 தொடக்கம் முதல், பழைய விலையில் தொடர்ந்து 30 நாள் விற்றிருந்தால் காட்டுவதற்குக் கால எல்லை இல்லை. சிறு கடைக்கு இது நல்ல செய்தி: மிஞ்சிய 36ஐயும் 41ஐயும் அடுத்த பருவம் வரை சிவப்புச் சீட்டோடு வைத்திருக்கலாம். 30 நாளுக்குச் சான்றாக விலைப்பதிவை வைத்திருப்பது கடைக்காரரின் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. மாநிலம் ஆண்டுக்கு நான்கு ஞாயிறு வரை திறக்க விடலாம். அவை வழக்கமாக நத்தாரை ஒட்டிப் போய்விடும். ரயில் நிலையக் கடைகளுக்கு இந்தத் தடை இல்லை என்பதால் அங்கே வாடகை ஏறியிருக்கிறது. சம்பளத்துக்கு நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச எல்லை கிடையாது. ஜெனீவாவில் 2020 நவம்பரில் மணிக்கு 23 பிராங்களவில் தொடங்கியது, பாசல் நகர மாநிலத்தில் 2022 ஜூலையில் 21. வேறிடத்தில் கடை போடும்போது போட்ட கணக்கை இவ்விரு ஊர்களுக்கும் அப்படியே கொண்டுபோனால் கணக்குத் தவறிவிடும்.

சொந்தமாகக் கடை எடுக்க நினைப்பவர் எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது வாடகை ஒப்பந்தம். வீட்டுக்கு முற்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. கடைக்கு அந்த எல்லை இல்லை, ஆறு மாதமும் கேட்பார்கள். வாழ்க்கைச் செலவுச் சுட்டியோடு வாடகையை ஏற்றும் நிபந்தனை போட வேண்டுமானால் ஒப்பந்தம் குறைந்தது ஐந்தாண்டாக இருக்க வேண்டும். கட்டட உரிமையாளர்கள் ஐந்தாண்டு கேட்பது அதனால்தான். இடையில் விலக நேர்ந்தால், பணவசதியுள்ள, மறுக்கக் காரணமில்லாத ஒருவரைப் பதில் வாடகைக்காரராகக் கொண்டுவந்து நிறுத்தினால் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆள் அதே வாடகைக்கு, அதே நிபந்தனைகளில் வரச் சம்மதிக்க வேண்டும். பக்கத்தில் மூன்று கடைகள் காலியாகக் கிடக்கும் தெருவில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. எனவே கையெழுத்துப் போடுமுன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தத் தெருவில் நின்று, காலி ஜன்னல்களை எண்ணிப் பாருங்கள்.